பவனிச் சிலுவையின் நாலாவது முகம்

வடலித்துறையில் கடலுக்குப் போன ஆள் கரைக்கும் திரும்பாமல், உடலும் ஒதுங்காமல் போய்விட்டால், அவன் முகம் கோயிலின் பவனிச் சிலுவையில் வரும். இதை நாங்கள் யாருக்கும் விளக்கியதில்லை, யாரும் எங்களிடம் விளக்கம் கேட்டதுமில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் பெண் பார்க்க வந்தால் குடிதண்ணீர் எந்தக் கிணற்றில் எடுக்கிறீர்கள் என்று கேட்பார்கள், சிலுவையில் இப்போது யாராவது இருக்கிறார்களா என்று கேட்பார்கள், பிறகு காப்பி குடிப்பார்கள்.

அந்தச் சிலுவை எங்கள் ஊரில் செய்ததல்ல, கோவாவில் செய்ததுமல்ல. சங்கு குளிக்கப் போனவர்கள் எந்தக் காலத்திலோ கடலடிப் பாறையிலிருந்து எடுத்து வந்தது என்பார்கள். ஒரு கை நீளம் இருக்கும். உள்ளே இரும்பு, மேலே வெள்ளித் தகடு, ஓரமெல்லாம் தங்க முலாம். நாலு கரங்களும் நுனிக்குப் போகப் போக விரிந்து, ஒவ்வொரு நுனியிலும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் தகட்டைப் பின்பக்கமிருந்து தட்டிப் புடைக்க வைத்த ஒரு முகம். குறுக்குக் கரங்களின் அடியில் வளையங்கள் உண்டு, வளையங்களில் வெள்ளித் துணுக்குகள் தொங்கும், சிலுவையைக் கம்பில் செருகித் தூக்கி நடந்தால் அவை ஒன்றோடொன்று உரசிச் சிணுங்கும், அந்தச் சத்தம் கேட்டுத்தான் பவனி எந்தத் தெருவில் வருகிறது என்று படுக்கையில் கிடக்கும் நோயாளிகூடத் தெரிந்துகொள்வான். ஒருமுறை ஊருக்கு வந்த வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் அதன் எழுத்துகளைக் கண்ணாடி வைத்துப் படித்துவிட்டு, இது கிரேக்கம், பைசாந்திய ராஜாக்கள் காலத்தில் கொள்ளைநோய்க்கும் பூமியதிர்ச்சிக்கும் பயந்து சனங்கள் தெருத்தெருவாகத் தூக்கிப்போன சிலுவை என்று சொன்னார். எழுத்துக்கு அர்த்தம், 'யாருடைய பெயர்களைக் கடவுள் அறிவாரோ அவர்களுடைய இளைப்பாற்றிக்காக' என்பதாம். எங்கள் உபதேசியாருக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துப்போய், அதை மனப்பாடமாக வைத்திருந்தார்.

மற்ற காலங்களில் அந்த நாலு வட்டங்களிலும் மாதாவும் இறக்கையோடு இரண்டு சம்மனசுகளும், மேல்கரத்தில் தாடியோடு ஸ்நாபக அருளப்பரும் இருப்பார்கள். யாரையாவது கடல் எடுத்துக்கொண்டால், அடுத்து சிலுவையைத் துலக்கும்போது அவற்றில் ஒரு வட்டத்தில் அவன் முகம் வந்திருக்கும், கண்ணை மூடி, தூங்குகிறவன் மாதிரி, காது மடல் வரைக்கும் அச்சு அசலாக. அது வந்த பிறகுதான் வீட்டில் அழுவார்கள், பூசை வைப்பார்கள், வெள்ளைச் சேலை எடுப்பார்கள். ஒரு வருஷத்தில் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து சம்மனசு திரும்பி வந்துவிடும். ஆனால் ஒரே வள்ளத்தில் போனவர்கள் ஒன்றாகத்தான் விடைபெறுவார்கள். ஒருவன் வந்து சேரவில்லை என்றால் மற்றவர்கள் வெள்ளித் தகட்டிலேயே காத்துக் கிடப்பார்கள்.

துலக்குவதற்கும் தூக்குவதற்கும் முறை இருந்தது. கடலுக்குப் புருஷனைக் கொடுத்த பெண்கள் மட்டும்தான் பூந்திக்கொட்டை நுரையில் வெறுங்கையால் அதைத் துலக்கலாம். வேறு யாரும் வெள்ளியைத் தொடக் கூடாது. வள்ளம் கவிழ்ந்து பிழைத்து வந்த ஆண்தான் அதைத் தூக்கலாம். அவனும் கம்பைத்தான் பிடிக்கலாம், அதற்குப் பிறகு அவன் கடலில் கால் வைக்கக் கூடாது. நான் அவனுக்குப் பக்கத்தில் முத்துக்குடை பிடிக்கிறவன். அதற்கு எந்தத் தகுதியும் வேண்டியதில்லை, உயரமாக இருந்தால் போதும்.

மார்கழிப் புயல் வந்த வருஷம், ஐந்து பேர் போன ஒரு வள்ளம் திரும்பவில்லை. மறுநாள் மத்தியானம் கஸ்பார் மட்டும் ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு கரை ஒதுங்கினான். சிலுவையைத் துலக்கியபோது மூன்று முகங்கள் வந்திருந்தன. மேல்கரத்தில் மட்டும் அருளப்பர் அப்படியே இருந்தார். வராத முகம் லெயோனுடையது.

லெயோனின் மனைவி கித்தேரி கருவாடு வியாபாரம் செய்தவள். சிலுவையை நாலு பக்கமும் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தாள், அவள் தொடக் கூடாது என்பதால் மற்றவர்கள் திருப்பிக் காட்டினார்கள். பார்த்துவிட்டு, "அப்ப எங்கயோ இருக்காரு," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அவனுடைய சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவற்றைத் துவைத்தாள். கஸ்பார் சிலுவை தூக்குகிறவன் ஆனான், பகலெல்லாம் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைத் தைத்தான். மூன்று முகங்களும் ஒரு வருஷம் கடந்தும் போகவில்லை, இரண்டு வருஷம் கடந்தும் போகவில்லை. மூன்றாவது வருஷம் அந்த மூக்குகளிலும் கன்னங்களிலும் கறுப்பு ஏறத் தொடங்கியது, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. அவர்களுடைய பெண்கள் பொறுமை இழந்தார்கள்.

கல்லறைத் திருநாள் காலைப் பூசையில் இறந்தவர்களின் பெயர்களை உபதேசியார் உரத்து வாசிப்பது வழக்கம். அந்த வருஷம் அவர் லெயோனின் பெயரையும் வாசிக்கப் போகிறார் என்று ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. அவர் தொண்டையைச் செருமியதும் கித்தேரி எழுந்து நின்றாள்.

"உபதேசியாரே, அந்தப் பேர வாசிக்காதீங்க."

"மூணு வருஷம் ஆயிட்டும்மா."

"முப்பது ஆவட்டும். சிலுவையில மேக்கரத்துல இன்னும் அருளப்பருதான இருக்காரு? எம் புருஷன் வரலியே."

அந்த மூன்று பெண்களில் மூத்தவள் மரிய ரொசாரி திரும்பிப் பார்த்தாள். "ஒன் ஒருத்தியால எம் மனுசன் மூணு வருசமா வெள்ளியில கழுத்து வரைக்கும் நிக்காருட்டி. கால் வலிக்காதா அவருக்கு?"

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு பெரியம்மா. அதுக்காக?"

எங்கள் பங்குச் சாமியார் வயதில் சின்னவர், பீடத்தில் விரித்திருந்த துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார். உபதேசியாருக்கு இரண்டு பக்கத்தையும் சமாதானம் செய்ய வேண்டும். அவர் மூன்று பெயர்களை வாசித்தார், கொஞ்சம் நிறுத்தினார், பிறகு, "இந்த வள்ளத்தில் போன நாலாவது ஆளுக்காகவும் மன்றாடுவோம், அவருடைய பெயரைக் கடவுள் அறிவார்," என்றார். எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. கித்தேரி உட்கார்ந்துவிட்டாள், ரொசாரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், நாங்கள் எல்லோரும் ஆமென் என்றோம். ஐந்து பேர் போன வள்ளத்தில் பெயர் சொல்லாமல் நாலாவது ஆளுக்காகக் கேட்டால், மிச்சமிருக்கும் இரண்டு பேரில் யாரையும் கடவுள் எடுத்துக்கொள்ளலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் கல்லறைப் பவனிக்காகக் கோயில் கிணற்றடியில் சிலுவையைத் துலக்கினார்கள். கம்பை வைத்துக்கொண்டு கஸ்பார் வாசல்படியில் காத்திருந்தான். ரொசாரி கடைசித் தண்ணீரை ஊற்றிவிட்டு, சிலுவையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்து, "ஏளா, இது கஸ்பாருல்லா," என்றாள்.

கஸ்பார் எட்டிப் பார்த்தான். மேல்கரத்தில் கண்ணை மூடிக்கொண்டு அவன் இருந்தான்.

"மூக்குதான் கொஞ்சம் சப்பையா வந்திருக்கு," என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் பேச்சுக்கு ஊர் சிரித்தது அதுதான் கடைசி. அன்று மாலை, தன் முகம் இருந்த சிலுவையைத் தானே தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தான். வெள்ளித் துணுக்குகள் எப்போதும் போலச் சிணுங்கின. நான் குடையை அவனுக்கு மேலே பிடிப்பதா சிலுவைக்கு மேலே பிடிப்பதா என்று தெரியாமல் நடுவில் பிடித்துக்கொண்டு போனேன்.

அவனைச் செத்தவன் என்று யாரும் முடிவு செய்யவில்லை. யாரும் அவனைத் தள்ளி வைக்கவும் இல்லை. ஆனால் டீக்கடையில் எல்லோருக்கும் கிளாஸ் வைத்துவிட்டுக் கடைக்காரர் உள்ளே போய்விடுவார், கஸ்பார் முன்னால் கிளாஸ் இருக்காது, கேட்டால் நாக்கைக் கடித்துக்கொண்டு கொண்டுவந்து வைப்பார், அடுத்த நாளும் அதுவே நடக்கும். ஏலத்தில் நிற்கிறவர்கள் அவன் நிற்கிற இடத்தைக் காலி இடம் என்று நினைத்துக் கூடையை இறக்குவார்கள். அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றுவிடும். அவன் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது மாதிரி கேட்கத் தொடங்கியது, கார்த்திகை முடிவதற்குள் அவன் நிழல் பகலிலேயே தேடிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. அவன் மனைவி எமிலியா தினமும் உலையில் அரிசி போட்டாள், தினமும் ஒரு ஆளுக்குக் குறைவாகவே போட்டாள், வேண்டுமென்றே ஒரு கை கூடப் போட்டாலும் வடிக்கும்போது குறைந்திருந்தது.

ஊர் ரொம்பவும் அன்பாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவன் வீட்டு வாசலில் மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்தார்கள். பூ வைத்தார்கள். பிறகு ஒருநாள் ஒரு அம்மாள் வலைக் குவியல் பக்கம் வந்து, அவன் இருப்பான் என்று தோன்றிய திசையைப் பார்த்து, "எங்கப்பாவப் பாத்தா, எனக்கு மூணாவதும் பொண்ணுதான்னு சொல்லிரு, கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு தினமும் யாராவது தங்கள் செத்தவர்களுக்குச் சேதி சொல்லிவிட வந்தார்கள். வீட்டை ஓடு மாற்றிவிட்டோம் என்றார்கள், அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை வந்துவிட்டது என்றார்கள், ஒரு கிழவர் மட்டும் தன் தோழனுக்கு, "சீட்டுல ஜெயிச்சுட்டுப் போயிட்டேன்னு நெனைக்காத, நானும் வாறேன்," என்று சொல்லச் சொன்னார். கஸ்பார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். வலையில் ஊசி போவதும் வருவதும் நிற்காது, அவன் கேட்கிறான் என்பதற்கு அதுதான் அடையாளம்.

தை மாதம் செபஸ்தியார் திருவிழா நெருங்கியது. கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் எமிலியா கித்தேரியைத் தேடிப் போனாள். எங்கள் வீடு கித்தேரி வீட்டுக்கு அடுத்தது. அவர்கள் பேசியதை என் வீட்டுக்காரி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறாள், அவள் இருந்தவரைக்கும் அதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள், ஒருமுறைகூட ஒரு வார்த்தையையும் மாற்றியதில்லை.

கித்தேரி மணலில் காயவைத்த சாளை மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க மைனி. கையெல்லாம் மீனு. அந்தப் பாய இழுத்துப் போட்டுக்கிட்டு இரிங்க."

"இருக்க வரல. காலையில எந்திரிச்சு அவரக் காணும்னு ஊரெல்லாம் தேடுனேன். பக்கத்துல பாயிலதான் படுத்திருந்தாருட்டி."

கித்தேரி அடுத்த வரிசையைப் புரட்டினாள். "நான் என்ன செய்யணுங்கீங்க? எம் புருஷன நானே கொல்லணுமா?"

"யாரு கொல்லச் சொன்னா? செத்தவர செத்தவருன்னு சொல்லு."

"செத்தாருன்னு சிலுவையே சொல்லலியே மைனி."

"சிலுவை எம் வீட்டுக்காரரச் சொல்லுது! அது பொய்தான? சோறு திங்காரு, இருமுதாரு..."

"அது பொய் சொல்லும்னா, நாளைக்கு லெயோனச் சொன்னாலும் பொய்யாத்தான இருக்கும்?"

எமிலியா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "எனக்கு வாதாடத் தெரியாதுட்டி. நேத்து எம் மக அவரு கால மிதிச்சிட்டுப் போறா. மிதிச்சது தெரியாமப் போறா. அவரு ஒண்ணும் சொல்லாம கால இழுத்துக்கிட்டு செவுரு ஓரமா ஒதுங்கி உக்காருதாரு. அதப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியல."

"ஒங்களுக்கு ஆள் இருக்காரு. எனக்குத் தெரியலங்கிறது மட்டுந்தான் இருக்கு. அதயும் குடுத்துட்டா நான் எதப் போத்திக்கிட்டுப் படுப்பேன்?"

எமிலியா குனிந்து இரண்டு கையாலும் மீனைப் புரட்டத் தொடங்கினாள். மணலில் கிடந்தது முழுவதையும் இரண்டு பேருமாகப் புரட்டி முடித்தார்கள். போகும்போது, "தர மாட்டேன்னா தர மாட்டேன்னே இரு. ஆனா அத அவருகிட்டப் போயி ஒன் வாயால சொல்லிரு. நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.

அடுத்த நாள் கித்தேரி வலைக் குவியலுக்குப் போனாள். அங்கே யாரும் இல்லை. ஊசி மட்டும் வலையின் கண்களுக்குள் போய் வந்துகொண்டிருந்தது. வெகுநேரம் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த பிறகு, ஊசியைப் பிடித்த விரல்கள் தெரிந்தன, பிறகு சட்டைக் கை, காலையிலிருந்து வெயிலில் இருந்தும் காயாமல் சொட்டிக்கொண்டிருந்த காலர்.

"கஸ்பார் அண்ணே."

அவன் நிமிர்ந்ததை அவள் பார்க்கவில்லை, உணர்ந்தாள். அவன் பேச்சைக் கேட்க அவள் குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது.

"எமிலி அனுப்பிச்சாளா? அவ கெடக்கா. நீ வெள்ள உடுத்தாத. நான் கடைசியா பாக்கும்போது லெயோன் நீந்திக்கிட்டுத்தான் இருந்தான். நல்லா நீந்துனான். கெழக்க பாத்துப் போனான்." ஊசி ஒரு முடிச்சுப் போட்டு இழுத்தது. "நீ காத்திரு. எனக்கு மூணு வருசம் கூடுதலாத்தான் கெடச்சிருக்கு."

கித்தேரி தர மாட்டேன் என்று சொல்லத்தான் போயிருந்தாள். சொல்லாமல் திரும்பி வந்தாள். அந்தச் சனிக்கிழமை சட்டைகளைத் துவைத்து, காய்ந்ததும் மடித்து, உள்ளே வைத்து, பெட்டியைச் சாத்தினாள்.

பெரிய பவனி நாளின் காலையில் கிணற்றடியில் பெண்கள் நுரை கட்டிக்கொண்டிருந்தபோது அவள் வெள்ளைச் சேலையில் வந்தாள். கழுத்தில் தாலி இல்லை. ரொசாரி நகர்ந்து இடம் கொடுத்தாள். கித்தேரி மூன்று வருஷத்தில் முதல்முறையாகச் சிலுவையைத் தொட்டாள், மேல்கரத்தின் வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள், "லெயோன்," என்று பெயரைச் சொல்லித் தேய்த்தாள். கஸ்பாரின் சப்பை மூக்கு அவள் கைக்குள் மெழுகு மாதிரி இளகியது. வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகி, ஆள் தோல் அளவுக்குச் சூடாகி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, பிறகு சட்டென்று ஜில்லென்று ஆனது. அதே நொடியில் வாசல்படியில் கஸ்பார் இருமினான். இருமல் கிணற்றுச் சுவரில் பட்டு எதிரொலித்தது. நாங்கள் எல்லோரும் திரும்பினோம், அவன் அங்கே முழு ஆளாக, கம்பும் நிழலுமாக நின்றுகொண்டிருந்தான், எமிலியா ஓடிப்போய் அவன் தோளில் ஓங்கி ஓங்கி அடித்தாள், "எங்கவே போயிருந்தீரு, எங்கவே போயிருந்தீரு," என்று கேட்டுக்கேட்டு அடித்தாள்.

ரொசாரி தண்ணீர் ஊற்றினாள். மேல்கரத்தில் லெயோன் இருந்தான். நெற்றியில் முடி பின்னுக்குப் போயிருந்தது, கண்ணுக்குக் கீழே சுருக்கம் விழுந்திருந்தது, நெஞ்சு வரைக்கும் தாடி வளர்ந்திருந்தது.

"அவருக்குத் தாடி கெடயாது," என்றாள் கித்தேரி.

"மின்ன அருளப்பருல்லா அங்க இருந்தாரு," என்றாள் ரொசாரி. "அவரு தாடி மிச்சமா நின்னிருக்கும்."

அது சரியாகத்தான் இருக்கும் என்று மற்றவர்களும் சொன்னார்கள். நெற்றி தேய்ந்தது பூந்திக்கொட்டையால், சுருக்கம் பழைய வெள்ளியால் என்று அவர்களாகவே ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார்கள், அவளைத் தேற்றினார்கள். மூன்று பெண்களும் தங்கள் முகங்களைத் தடவிப் பார்த்தார்கள், கறுப்பு அப்போதே கரைந்துகொண்டிருந்தது. கித்தேரி மட்டும் இடது கன்னத்தில் காது ஓரத்திலிருந்து தாடைக்கு ஓடிய ஒரு தழும்பின் மேல் சுண்டுவிரலை வைத்து எடுத்து வைத்து எடுத்துப் பார்த்தாள். நன்றாக ஆறி, தோல் மூடி, மேடு தட்டிப்போன தழும்பு.

மாலையில் பவனி புறப்பட்டது. சிலுவையில் முகம் இருக்கிறவனின் வீட்டு முன்னால் நிற்க வேண்டும், வீட்டுக்காரி மாலை போட வேண்டும், அதுவரை மேளம் நிற்கும். கித்தேரி மல்லிகை மாலையோடு வாசலில் நின்றாள். கஸ்பார் கம்பைச் சாய்த்துச் சிலுவையை அவள் உயரத்துக்குத் தாழ்த்தினான். நான் குடையைத் தாழ்த்தினேன். குடைக்குள் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம், பிறகு அந்த முகம்.

அவள் மாலையைப் போடவில்லை.

"கஸ்பார் அண்ணே, இந்தத் தழும்பு அவருக்கு இருந்துச்சா?"

கஸ்பார் பார்த்தான். அவன் கைகளுக்கு மேலே வெள்ளித் துணுக்குகள் காற்றில்லாமல் ஆடின. பின்னால் கூட்டத்தில் அவன் மகள் எமிலியாவிடம், அப்பா எவ்வளவு உயரம் பார், என்று சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

"இருந்துச்சும்மா," என்றான், தெளிவான, எல்லோருக்கும் கேட்கிற குரலில். "புயல் அன்னைக்குப் பட்டது. பாய்மரம் முறிஞ்சி விழுந்துச்சுல்லா, அப்ப."

"அன்னைக்கே ஆறிருச்சாண்ணே?"

அவன் கம்பை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினான். பின்னால் இருந்தவர்கள் மாலை விழுந்துவிட்டது என்று நினைத்து மேளத்தைத் தொடங்கிவிட்டார்கள். கித்தேரி மாலையைச் சிலுவையின் மேல்கரத்தில் போட்டாள், போட்டுவிட்டு, பூக்கள் அந்த முகத்தின் மூக்கையும் வாயையும் மூடாதபடி விரலால் கொஞ்சம் கீழே இறக்கி விட்டாள்.